நண்டோட்டுக் கரியின் வெளிச்சம்

கஜந்திக்கு விழித்தபடியே கனவு காணும் பழக்கம் உண்டு. அதை வியாதி என்று சொல்ல முடியாது, வரம் என்று சொல்லவும் மனம் வராது. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். தேநீருக்குச் சீனி போட்டோமா என்று யோசித்து இன்னொரு கரண்டி போடுவாள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கும் அவள் கணவன் தனஞ்சயன், "இவவைக் கட்டினதிலை எனக்கொரு லாபம், பாதி நேரம் வீட்டிலை நான் தனிய" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

உள்துறைமுகத்தின் மேல் பனிமூட்டம் கிடக்கும் காலைகளில், லிங்கநகர் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் வழி முழுக்க அவளுக்கு ஒரே கனவுதான். கடல் நிறையச் சின்னச் சின்ன விளக்குகள். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. கடல் தண்ணீரையும் காற்றையும் குடித்து எரிகிற விளக்குகள். தண்ணீர் ஏறி இறங்க அவையும் ஏறி இறங்கும். அந்த ஊர்த் தெருவோரம் ஆடுமாடு போலப் படுத்திருக்கும் மான்கள்கூட அந்தக் கனவுக்குள் வந்து தலையைத் தூக்கிக் கடலைப் பார்க்கும். கனவுக்கு யார் வரி கேட்கப் போகிறார்கள்?

ஆனால் இந்தக் கனவுக்குச் சோறு போடுவது அவளுடைய வேலை. வளாகத்தின் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக அவளும் நிப்லாவும் அந்த விளக்கைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நிப்லா இறக்கக்கண்டிக் கடற்கரைக்காரி. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நிப்லா பேச்சில் சிக்கனம், கையில் தாராளம். கஜந்தி ஒரு வேலையை யோசித்து முடிப்பதற்குள் நிப்லா அதைச் செய்து முடித்துக் கையும் கழுவியிருப்பாள்.

விளக்கின் சங்கதி பெரிய மர்மமில்லை. ஒரு பக்கம் மகனீசியத் தகடு, மறுபக்கம் கரி பூசிய துணி, நடுவே கடல் தண்ணீர். காற்றிலிருக்கும் ஒட்சிசன் அந்தத் துணிக்கு வந்து மின்னை வாங்கிக்கொண்டால் விளக்கு எரியும். ஆனால் ஒட்சிசன் லேசில் வாங்காது. மாமியார் வீட்டுக்கு முதன்முதல் வந்த மாப்பிள்ளை மாதிரி வாசலிலேயே நிற்கும். யாராவது கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இருத்த வேண்டும். உலகம் முழுக்க அந்த உபசாரத்துக்குப் பிளாற்றினத்தை வைத்திருக்கிறார்கள். அது நகைக்கடையில் கண்ணாடிக்குள் இருக்கிற உலோகம். அதைப் போட்டு விளக்குச் செய்தால் மீன்பிடிகாரன் வள்ளத்தை விற்றுத்தான் விளக்கை வாங்க வேண்டும். கஜந்தி பிளாற்றினத்துக்குப் பதிலாக நண்டோட்டை எடுத்தாள். ஓட்டை அமிலத்தில் கழுவி, கொஞ்சம் இரும்பு உப்புச் சேர்த்து, காற்றுப் புகாத குழாயில் வைத்துச் சுட்டால் கன்னங்கரேலென்று ஒரு தூள் வரும். அந்தத் தூள் பிளாற்றினத்தின் வேலையைச் செய்ய வேண்டும். அவளுடைய மூன்று வருடமும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நண்டோடு வந்தது ஜவ்பரிடமிருந்து. அவர் நிப்லாவின் அண்ணன். நிப்லா அவரை நானா என்று கூப்பிட, கஜந்தியும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். மண்ணெண்ணெய்க்கு ஊரே கானோடு வரிசையில் நின்ற அந்த வருடத்தில், டோர்ச் பற்றரியின் விலையும் ஆனைவிலை குதிரைவிலையாகிவிட்டது. வலையைக் கடலில் விட்டால் அதன் அந்தக் கரையில், தூர முனையில், ஒரு விளக்கு மிதக்க வேண்டும். இந்தக் கரையில் வள்ளத்தில் இருப்பவனுக்கு அது தெரிய வேண்டும், குறுக்கே வருகிற வள்ளத்துக்கும் தெரிய வேண்டும். விளக்கில்லாமல் விட்ட ஜவ்பரின் வலையை யாரோ இருட்டில் அறுத்துக்கொண்டு போனார்கள். அவர் அதை மறுபடி முடிந்து கடலில் விட, அதுவும் அறுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சாக்கு நிறைய நண்டோட்டைக் கட்டிவந்து, "மிஸ், இதில நீங்க நெருப்பெடுத்தாலும் சரி, வெளிச்சமெடுத்தாலும் சரி. எங்களுக்கு ஒரு வழியக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூளைச் சோதிக்க ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. மற்ற ஊர் ஆய்வுகூடங்களில் கடையில் வாங்கிய சுத்தமான கரைசலை ஊற்றுவார்கள். கஜந்தி அதற்கு இணங்கவில்லை. "எங்கட விளக்கு எங்கட கடலிலைதானே எரியப்போகுது? அப்ப எங்கட கடலிலைதான் அது பழகவேணும்" என்றாள். நிப்லா ஒவ்வொரு கிழமையும் இறக்கக்கண்டிக் கரையில் கானில் தண்ணீர் அள்ளி வந்தாள். சாடிக்குள் ஒரு பக்கம் கரித்துணி தொங்கும். எதிர்ப்பக்கம் மின்சாரம் போய்வர ஒரு சுருள் கம்பி. அந்தக் கம்பி மட்டும் பிளாற்றினம். அது விளக்கில் சேர்த்தியில்லை, அளக்கிற உபகரணத்தின் ஒரு கால், அவ்வளவுதான். முன்பெல்லாம் அதைச் சுற்றி ஒரு கண்ணாடி உறை இருந்தது. அது ஒருநாள் வெடித்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். உறையில்லாமலே கம்பியைத் தண்ணீரில் விட்டார்கள்.

அப்போதுதான் அந்த அதிசயம் தொடங்கியது. மற்றவர்களுடைய தூள் மின்சாரம் ஓட ஓடக் களைக்கும். கஜந்தியின் தூள் ஓட ஓட உசாரானது. கணினித் திரையில் தூளின் வேகத்தைக் காட்டும் கோடு காலையில் மந்தமாக இருந்தது, வெயில் ஏற ஏற மேலே போனது. மத்தியானம் பார்த்தால் நம்ப முடியாத உயரம். கஜந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கோட்டையே பார்த்தபடி இருப்பாள். ஓட்டுக்குள் நண்டு இன்னும் உயிரோடு இருந்து, தன் கடல் தண்ணீர் பட்டதும் கண் விழிப்பதாக அவளுக்குத் தோன்றும். யன்னலுக்கு வெளியே கடல் மூச்சு விடும், உள்ளே கோடு ஏறும். துணியை இப்படிச் சாடியில் ஓட விடுகிற வேலைக்கு அவள் 'எழுப்புதல்' என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்த பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

எழுப்பிய துணியில் அவள் செய்த முதல் விளக்கை ஜவ்பர் கொண்டுபோய்க் கடலில் விட்டார். மறுநாள் கரை முழுக்க அதே கதை. விளக்கு நிலவுத்துண்டு மாதிரி நின்றதாம், வலையின் இந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் கண் கூசியதாம். நாலைந்து வள்ளக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அடுத்த விளக்குகளை நிப்லா செய்தாள். அதே தூள், அதே துணி. ஆனால் அவளுடைய முறை பின்னேரம். பின்னேரங்களில் கரண்ட் போய்விடும். எழுப்ப வழியில்லாமல் அப்படியே விளக்கில் பூட்டிக் கொடுத்தாள், கடல் தண்ணீர் பட்டால் தானே எழும்பும் என்று இருவரும் நம்பினார்கள். அவை எரிந்தன, ஆனால் வலையின் மறுகரைக்குத் தெரியாத மங்கலாக.

கரைச் சனத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? "மிஸ்ஸுட கை ராசியான கை. தங்கச்சிட கைக்கு அந்த ராசி இல்ல" என்று ஜவ்பரே சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நிப்லாவும் சிரித்தாள். கஜந்தி மட்டும் அதை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தாள்.

"நிப்லா, நீங்கள் தூளை அரைக்கிறது காணாது போலை. கொஞ்சம் மனம் வைச்சுச் செய்யுங்கோவன்" என்றாள்.

நிப்லா உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. சோற்றுப் பெட்டியையும் வேறு மேசையில் வைத்துத் திறந்தாள். கனவில் இருந்த கஜந்திக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கோபம் என்று நினைத்திருப்பாள். அது கோபமில்லை, வெட்கம். தன் கையிலேதான் ஏதோ குறை என்று நிப்லா நம்பத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கொழும்பில் ஒரு மாநாடு. பிளாற்றினத்தை ஓரங்கட்டிய நண்டோடு என்று கஜந்தி அங்கே எழுந்து சொல்ல வேண்டும். துறைத் தலைவர் இரத்தினசிங்கம் அதற்குள்ளேயே தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். கஜந்தி சேலை எடுத்து வைத்துவிட்டாள். மேடையில் சொல்லப்போகும் முதல் வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நினைப்போடுதான் வெள்ளிக்கிழமை குசினிக்குள் நின்றாள். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் சைவம். மீன் சமைக்கும் மச்சச் சட்டியும் கரண்டியும் கீழ்த்தட்டில், சைவச் சட்டியும் கரண்டியும் மேல்தட்டில். கந்தோரில் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கும் தனஞ்சயன் இந்த ஒரு விசயத்தில் மட்டும் வளைய மாட்டான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன் பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். கண்ணை அகல விரித்தான்.

"இண்டைக்குப் பருப்பு என்ன இப்பிடி ருசியா இருக்கு? என்ன போட்டனீர்?"

"ஒண்டும் போடேல்லை. வழமையாப் போடுறதுதான்."

"வழமையாப் போட்டா வழமையாத்தானே இருக்கும்?" அவன் இன்னொரு வாய் எடுக்கப் போனவன், கையை அப்படியே நிறுத்தினான். எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்தான். கரண்டியை வெளியே எடுத்தான். காம்பு கருகிய கரண்டி. நேற்று அறக்குளா மீன் குழம்பில் கிடந்த கரண்டி.

"கழுவித்தானே வைச்சனான்" என்றாள் கஜந்தி.

"கழுவினா? சைவக் கறிக்குள்ளை மச்சக் கரண்டியை விட்டுப்போட்டு, நல்ல ருசி, நல்ல ருசி எண்டு நானும் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டிருப்பன். பருப்புக்கு இவ்வளவு ருசி தானா வராது எண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்கவேணும்."

அவன் கோபமாகச் சோற்றுக் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, பாணும் வாழைப்பழமும் எடுத்தான். பாவம், அவன் பாட்டுக்குப் பருப்பைப் பற்றித்தான் பேசினான். கஜந்திக்கு அது பருப்பைப் பற்றியதாகப் படவில்லை. ருசி தானாக வராது. கோடு தானாக ஏறாது. உறையில்லாத கம்பி, அதுவும் உப்புத் தண்ணீரில். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓட ஓடப் பிளாற்றினமும் துளித்துளியாகக் கரையும் என்று அவளே மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். கரைந்தது எங்கே போகும்? எதிரே தொங்குகிற துணிக்குத்தான் போகும். மற்றவர்கள் ஏன் சுத்தமான கரைசல் ஊற்றுகிறார்கள் என்று ஒருநாளாவது நின்று யோசித்திருக்கலாம்.

"எங்கை போறீர்? சாப்பிடேல்லையே?" என்று தனஞ்சயன் கேட்டது அவள் காதில் விழவில்லை. படலையடியில் வந்த ஓட்டோவை மறித்து ஏறிவிட்டாள்.

வளாகத்தில் நிப்லா தனியே இருந்தாள். கஜந்தி நேரே போய்ச் சாடியைத் திறந்து கம்பியை வெளியே எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்பாதி பளபளவென்று முன்பு போல இருந்தது. தண்ணீருக்குள் இருந்த கீழ்ப்பாதி மங்கி, தொட்டால் சொரசொரத்து, மெலிந்து போயிருந்தது. இவ்வளவு நாளும் அவள் திரையைப் பார்த்தாளே தவிரக் கம்பியைப் பார்க்கவில்லை.

"நண்டோடு எழும்பேல்லை, நிப்லா" என்றாள். கம்பியை நீட்டினாள். "இது கரைஞ்சு போய்த் துணியிலை ஒட்டியிருக்கு. நாங்கள் பிளாற்றினம் இல்லாமல் செய்யிறம் எண்டு சொல்லிப் பிளாற்றினத்தைத்தான் பூசியிருக்கிறம்."

நிப்லா கம்பியை வாங்கிப் பார்த்தாள். மெலிந்த முனையை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் செஞ்சது?"

கஜந்தி சாடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் செய்ததிலை ஒரு பிழையும் இல்லை. அதுதான் நண்டோட்டின்ரை வெளிச்சம். நான் உங்களைச் சொன்னது பிழை, நிப்லா. பெரிய பிழை."

"நீங்க மட்டுமா சொன்னீங்க? நானாவும் சொன்னாரு. நானும் என்னையேதான் சொல்லிட்டிருந்தேன்." அவள் கம்பியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு மேசை லாச்சியைக் கிளறி ஒரு பழைய டோர்ச் பற்றரியை எடுத்தாள். "இதுக்குள்ள கரிக்குச்சி இருக்குமே. கம்பிக்குப் பதிலா அதப் போட்டுப் பாப்போம். கதைச்சிட்டிருந்தா நேரம் போயிரும்."

பற்றரியை உடைத்துக் குச்சியை எடுத்து, கழுவிக் காய வைத்து, சனிக்கிழமை காலை புதுத் துணியோடு சாடியில் விட்டார்கள். அன்று கரண்ட் போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று கஜந்தி ஒரு கணம் நினைத்தாள், ஒளிப்பானேன். கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றது. வெயில் ஏறியது, இறங்கியது, கோடு ஏறவுமில்லை இறங்கவுமில்லை. மத்தியானத்தில் கடல் கண்ணாடி போலக் கிடந்தபோது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அலுமாரியின் திறப்பு சுவர் ஆணியில்தான் தொங்குகிறது. கம்பியை மறுபடி விட்டால் கோடு ஏறும். திங்கட்கிழமை அந்த மண்டபத்தில் யாரும் மச்சக் கரண்டியைத் தேடப் போவதில்லை. அவள் அந்த எண்ணத்தோடு வெகுநேரம் இருந்தாள். அது ஒரு இனிமையான எண்ணம், அதற்குள் கடல் முழுக்க விளக்குகள் எரிந்தன. ஆனால் எண்ணிப் பார்த்தால் அந்த விளக்குகள் ஒன்றைக்கூட எந்த மீன்பிடிகாரனும் வாங்க முடியாது.

"கோடு விழயில்லயே" என்றாள் நிப்லா திடீரென்று.

"என்ன?"

"ஏறயில்லதான். ஆனா காலையிலருந்து விழவும் இல்ல. மத்தவங்கட தூள் களைக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? இது களைக்கயில்ல." அவள் விரலால் திரையில் அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினாள். "வெளிச்சம் காணாதெண்டா துணியப் பெருசாக்குவோம். நண்டோட்டுக்கு இஞ்ச பஞ்சமா?"

கஜந்தி முதன்முறையாக அந்தக் கோட்டை அதற்காகவே பார்த்தாள். தாழ்வான கோடுதான். ஆனால் அசையாத கோடு.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடும் நேரம் இருவரும் இறக்கக்கண்டிக் கரையில் நின்றார்கள். நிப்லாவின் கையில் ஒரு புது விளக்கு. பழையதை விட அகலமான துணி, எழுப்பாதது, அவளே அரைத்து அவளே பூசியது. கஜந்தி ஜவ்பரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் பழைய விளக்கைத் திருப்பிக் கேட்டாள்.

ஜவ்பர் அதை வள்ளத்திலிருந்து எடுக்கவில்லை. "எரியுற விளக்கத் தாங்க எண்டு கேக்கிறீங்களே, மிஸ். பொய்யோ மெய்யோ, எனக்கு இது தெரியுது. வல அறுகயில்ல. நாலு பேருக்குக் காட்டி நல்லாச் சொல்லிட்டேன்."

"ஓம் நானா, அதுதான் பிரச்சினை. அந்த நாலு பேருக்கும் இதைப்போலை இன்னொண்டு செய்து தர என்னாலை ஏலாது. அதிலை எரியிறது நண்டோடு இல்லை."

"எனக்கு ஒண்டு போதுமே" என்றார் ஜவ்பர். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. பக்கத்து வள்ளத்தில் ஒருவன் வலையை ஏற்றிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலையும் போன மாதம் அறுந்தது. ஜவ்பர் தலையைச் சொறிந்துகொண்டு பழைய விளக்கின் கயிற்றை அவிழ்த்து, கஜந்தியிடம் நீட்டினார்.

"இது வலைட மறுகரைக்குத் தெரியாட்டி நான் நாளைக்கு வந்து சண்டை பிடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே நிப்லாவின் கையிலிருந்த விளக்கை எடுத்துப்போனார்.

வள்ளம் போனது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்தன. கரையிலிருந்து பார்த்தால் ஒரு விளக்கும் தெரியாத தூரம். அலை வருவதும் போவதும் யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போலக் கேட்டது. கஜந்திக்குக் கனவு ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், நாளை மண்டபத்தில் அந்தத் தாழ்வான கோட்டின் சின்ன எண்ணைத்தான் சொல்ல வேண்டும், அதோடு கம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லலாம். ஆனால் விளக்கு வலையின் மறுகரைக்குத் தெரியாவிட்டால் அந்தச் சின்ன எண்ணுக்கும் அர்த்தமில்லை. மூன்று வருடமும் சாம்பல்தான்.

நிப்லாவின் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைக்கப் போனவள், ஏதோ நினைத்துக் கஜந்தியிடம் நீட்டினாள். தான் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"ஹலோ, நானா?"

எஞ்சின் நிறுத்திய கடலின் அமைதி முதலில் கேட்டது. பிறகு ஜவ்பர். "மிஸ், வலைட மறுகரையில நிக்கிறேன். பழசப்போல இல்ல. மங்கல்தான்."

"தெரியுதோ?"

"தெரியுது. பக்கத்து வள்ளத்துக்காரனும் கண்டுட்டு என்ன விளக்கெண்டு கத்திக் கேக்கிறான். தெரியுது மிஸ்."

கஜந்தி ஈரமணலில் குந்திவிட்டாள். கண்ணீர் தன்பாட்டில் வந்தது. எங்கட விளக்கு நானா, என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அது நிப்லாட விளக்கு, நானா" என்றாள்.

வள்ளத்தின் பலகையில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு ஜவ்பர், "போனைத் தங்கச்சிட்டக் குடுங்க, மிஸ்" என்றார்.